வானத்திலும் சந்தி உண்டு

உம்றாவுக்குச் செல்லும் உறவினரை வழியனுப்பக் கட்டுநாயக்க விமான நிலையத்திற்குப் போனவர்கள் ஒரு காட்சியைக் கவனித்திருப்பார்கள். தூரத்து வானில் ஒரு வெளிச்சப் புள்ளி தோன்றும். அது விமானமாகி ஓடுபாதையில் இறங்கும். சற்று நேரத்தில் அதே இடத்தில் இன்னொரு புள்ளி தோன்றும். எத்திசை நாட்டிலிருந்து வந்தாலும் கடைசியில் எல்லா விமானங்களும் அந்த ஒரே கோட்டில்தான் வந்து சேர்கின்றன.

"வானம் இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, அதில் இரண்டு விமானங்கள் எப்படி மோதும்?" என்று வகுப்பறையில் யாராவது கேட்டால், அதற்கான விடை இந்தக் காட்சியில்தான் இருக்கிறது. வானம் பெரிது. ஆனால் ஓடுபாதை சிறிது. கடலில் எங்கும் பரந்து திரியும் தோணிகள் மாலையில் ஒரே துறைமுக வாயிலுக்குத் திரும்புவது போல, விமானங்களும் விமான நிலையத்தை நெருங்க நெருங்க ஒன்றையொன்று நெருங்குகின்றன. வானத்துச் சந்தி அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சந்தியில் பெரிய பயணிகள் விமானங்களோடு, இருவர் அல்லது நால்வர் அமரும் சிறு விமானங்களும் பறக்கின்றன. விமானம் ஓட்டப் பழகும் மாணவர்கள், சொந்த விமானம் வைத்திருப்போர், சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வோர் எனப் பலர் இவற்றைப் பயன்படுத்துகின்றனர். இரத்மலானைப் பக்கம் வசிப்பவர்கள் இத்தகைய சிறு பயிற்சி விமானங்களைக் கண்டிருப்பார்கள். உலகிலேயே சிறு விமானங்கள் மிக அதிகமாகப் பறக்கும் நாடு அமெரிக்கா. அங்கே பெரிய நகரங்களின் மேலே சிறு விமானங்களும் பெரிய விமானங்களும் அருகருகே பறக்க நேர்ந்ததால் சில பெரும் துயரங்கள் நிகழ்ந்தன. இன்று வானில் பின்பற்றப்படும் பல பாதுகாப்பு விதிகள் அந்தத் துயரங்களிலிருந்து கற்ற பாடங்கள். அவற்றைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

நல்ல காலநிலையிலும் ஆபத்து

நடுவானில் விமானங்கள் மோதுவது என்றதும் புயல், மூடுபனி, இருட்டு என்பனவே நம் மனதில் வரும். உண்மை அதற்கு நேர்மாறானது. சிறு விமானங்கள் சம்பந்தப்பட்ட மோதல்களில் பெரும்பாலானவை பட்டப்பகலில், தெளிந்த வானில், விமான நிலையம் ஒன்றுக்கு அருகிலேயே நிகழ்ந்துள்ளன.

காரணம் எளிது. காலநிலை நன்றாக இருக்கும் நாளில்தான் சிறு விமானங்கள் அதிகம் வெளிவருகின்றன. மேகத்தினுள் பறக்கும்போது விமானியை வழிநடத்தி இடைவெளி பேணுவது தரையிலுள்ள கட்டுப்பாட்டாளரின் வேலை. தெளிந்த வானிலோ, மற்ற விமானத்தைக் கண்ணால் பார்த்து விலகிச் செல்வது விமானியின் பொறுப்பு. "பார்த்து விலகு" என்ற இந்த விதியே சிறு விமானப் பயணத்தின் அடிப்படை. அது எவ்வளவு அவசியமானதோ அவ்வளவு பலவீனமானதும்கூட. இதை உலகுக்கு உணர்த்திய சம்பவம் 1978 ஆம் ஆண்டு நடந்தது.

சான் டியேகோவில் நடந்தது

1978 செப்டெம்பர் 25. கலிபோர்னியாவின் தென்கோடியில் உள்ள சான் டியேகோ நகரம். காலை ஒன்பது மணி. வானம் தெளிவாக இருந்தது. பிஎஸ்ஏ நிறுவனத்தின் 182 ஆம் இலக்க போயிங் 727 விமானம், லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வந்து நகர விமான நிலையத்தில் இறங்கத் தயாராகிக் கொண்டிருந்தது. அதே நேரத்தில் செஸ்னா 172 வகைச் சிறு விமானம் ஒன்று, இருவருடன் அதே பகுதியில் பயிற்சியில் ஈடுபட்டிருந்தது.

இரண்டு விமானங்களும் ராடர் திரையில் தெரிந்தன. கட்டுப்பாட்டாளர்கள் செஸ்னா முன்னால் இருப்பதைப் பெரிய விமானத்தின் விமானிகளுக்கு அறிவித்தார்கள். விமானிகளும் அதைக் கண்டதாகப் பதிலளித்தார்கள். கண்ட விமானத்தோடு பார்வையால் இடைவெளி பேணும் பொறுப்பு அப்போது அவர்களுக்குக் கைமாறியது.

சிறிது நேரத்தில் அவர்கள் செஸ்னாவைப் பார்வையிலிருந்து தவறவிட்டார்கள். அது எங்கே போனது என்று விமானி அறைக்குள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அது தங்களைக் கடந்து போயிருக்கும் என்று எண்ணினார்கள். கோபுரத்துக்கும் அந்த எண்ணத்தையே சொன்னார்கள். "இப்போது எங்களுக்கு அது தெரியவில்லை" என்று மட்டும் தெளிவாகச் சொல்லவில்லை.

செஸ்னா கடந்து போயிருக்கவில்லை. பெரிய விமானத்துக்கு முன்னால், சற்றுக் கீழே, ஏறத்தாழ அதே திசையில் பறந்துகொண்டிருந்தது. தனக்குச் சொல்லப்பட்டிருந்த திசையிலிருந்து அது விலகியிருந்தது. அதையும் யாரும் அறிவிக்கவில்லை. தரையில் ராடர் கணினி எச்சரிக்கை ஒலி எழுப்பியது. ஆனால் விமானிகள் செஸ்னாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் கட்டுப்பாட்டாளர்கள் குறுக்கிடவில்லை. சுமார் 2,600 அடி உயரத்தில் இரண்டும் மோதின. போயிங்கில் இருந்த 135 பேர், செஸ்னாவில் இருந்த 2 பேர், கீழே குடியிருப்பில் இருந்த 7 பேர் என 144 உயிர்கள் பறிபோயின.

பார்வையில் இருந்த விமானம் மறைந்ததும் கட்டுப்பாட்டாளருக்கு அறிவிக்காததை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை முதன்மைக் காரணமாகக் குறிப்பிட்டது. ராடரால் இடைவெளி பேணும் வசதி இருந்தும் பார்வையை மட்டும் நம்பவிட்ட நடைமுறையையும் அது குறை கூறியது. யாரும் வேண்டுமென்று தவறு செய்யவில்லை. "போயிருக்கும்" என்ற ஒரு ஊகம், "போய்விட்டது" என்ற உறுதியின் இடத்தில் அமர்ந்துகொண்டது. அவ்வளவுதான்.

கண் ஏன் ஏமாறுகிறது?

அனுபவமுள்ள விமானிகள் தெளிந்த வானில் ஒரு விமானத்தை எப்படித் தவறவிட முடியும்? இதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, பின்னணி. மேலிருந்து கீழே பார்க்கும்போது சிறு விமானம் வீட்டுக் கூரைகளுக்கும் வீதிகளுக்கும் நடுவே கலந்துவிடுகிறது. பூப்போட்ட துணியில் விழுந்த ஊசியைத் தேடுவது போன்றது அது.

இரண்டாவது, அசையாத புள்ளி. நம் கண் அசைவதை எளிதில் கவனிக்கும், அசையாததைக் கவனிக்காது. மரத்திலிருக்கும் ஓணான் அசையும்போதுதான் நமக்குத் தெரிகிறது. வானில் நம்மோடு மோதும் பாதையில் வரும் விமானமோ, நமது முன்கண்ணாடியில் இடம் மாறுவதே இல்லை. ஒரே இடத்தில் அழுக்குப் புள்ளி போல நிற்கும். கண்ணாடியில் இடம் மாறிப் போகும் விமானம் நம்மைக் கடந்து போகும் விமானம். இடம் மாறாமல் பருத்துக்கொண்டு வருவதே ஆபத்தான விமானம். அது பருப்பதும் ஒரே சீராக நடப்பதில்லை. தூரம் பாதியாகும்போதெல்லாம் தோற்றம் இரட்டிப்பாகும். ஆகவே நீண்ட நேரம் புள்ளியாகவே இருந்துவிட்டு, கடைசிச் சில செக்கன்களில் திடீரென மலர்ந்து கண்ணாடியை நிறைத்துவிடும்.

மூன்றாவது, நேரம். ஒரு விமானத்தைக் கண்டு, அது விமானம்தான் என்று அறிந்து, மோதும் பாதையில் வருகிறது என்று உணர்ந்து, எந்தப் பக்கம் திரும்புவது எனத் தீர்மானித்து, கையை அசைத்து, விமானம் திரும்பத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 12.5 செக்கன்கள் தேவை என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்குக் கற்பிக்கிறது. இதில் கண் பார்ப்பதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. ஆபத்தை உணர்வதற்கு மட்டும் 5 செக்கன்களும், தீர்மானிப்பதற்கு 4 செக்கன்களும் போய்விடுகின்றன.

கணித பாடத்தில் போலச் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். பயணிகள் விமானம் 10,000 அடிக்குக் கீழே 250 நொட் வேகத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. அது மணிக்கு ஏறத்தாழ 463 கிலோமீற்றர். எதிரே வரும் சிறு விமானம் 110 நொட்டில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 204 கிலோமீற்றரில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் நேருக்கு நேர் வந்தால் மணிக்கு 667 கிலோமீற்றர் வேகத்தில் நெருங்குகின்றன. 12.5 செக்கன்களில் அவற்றுக்கிடையே குறையும் தூரம் சுமார் 2.3 கிலோமீற்றர். அந்தத் தூரத்தில், சுமார் 11 மீற்றர் அகல இறக்கைகள் கொண்ட செஸ்னா எவ்வளவு பெரிதாகத் தெரியும்? கையை முழுதாக நீட்டி ஓர் அளவுகோலைப் பிடித்தால், அதில் 3 மில்லிமீற்றர் அளவு! அந்த அளவில் இருக்கும்போதே அதைக் கண்டுவிட வேண்டும். அதற்குப் பின் கண்டால் காலம் போதாது.

பார்க்கவும் பழக வேண்டும்

அதனால்தான் பயிற்சிப் பள்ளிகளில் பார்ப்பதையே ஒரு பாடமாகக் கற்பிக்கிறார்கள். வானத்தை ஒரே ஓட்டமாகப் பார்வையால் துழாவினால் எதுவும் தெரியாது. கண் ஓடும்போது அது தெளிவாகப் பார்ப்பதில்லை. ஆகவே விமானி வானத்தைப் பத்துப் பாகை அகலமுள்ள துண்டுகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது ஒரு செக்கனாவது பார்வையை நிறுத்திப் பார்க்க வேண்டும். குர்ஆன் ஓதப் பழகும் சிறுபிள்ளை விரலை எழுத்தெழுத்தாக நிறுத்தி நகர்த்துவது போல என்று இதைச் சொல்லலாம்.

இன்னும் சில பழக்கங்களும் உண்டு. செஸ்னாவின் இறக்கை கூரை போல மேலே இருக்கிறது. அது மேலே உள்ளதை மறைக்கும். வேறு சில விமானங்களின் இறக்கை கீழே இருக்கிறது. அது கீழே உள்ளதை மறைக்கும். கீழிறக்கை விமானம் மேலேயும் மேலிறக்கை விமானம் கீழேயும் இருந்து, ஒரே ஓடுபாதைக்கு இறங்கி வந்தால் ஒருவரை ஒருவர் காணவே மாட்டார்கள். எனவே திரும்பு முன் அந்தப் பக்க இறக்கையைச் சற்று உயர்த்தி எட்டிப் பார்க்க வேண்டும். மேலேறும்போது மூக்குப் பகுதி முன்பார்வையை மறைப்பதால், இடையிடையே இலேசாக இடமும் வலமும் திரும்பி முன்னால் பார்த்துக்கொள்ள வேண்டும். விமான நிலையத்தை நெருங்கும்போது வீண்பேச்சை நிறுத்திவிட வேண்டும். கூட வருபவரிடம், "வேறு விமானம் கண்ணில் பட்டால் உடனே சொல்லுங்கள்" என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு கண்களைவிட நான்கு கண்கள் நல்லவை.

இரண்டு விமானிகளும் ஒருவரையொருவர் கண்டுவிட்டால் யார் விலகுவது? அதற்கும் விதி உண்டு. நேருக்கு நேர் வந்தால் இருவரும் தத்தம் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே சந்தித்தால் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். முந்துபவர் வலப்பக்கமாக முந்த வேண்டும். நமது வீதிகளில் இடப்புறமாகப் போகப் பழகியவர்களுக்கு வானம் வலப்புறத்தைக் கற்றுத் தருகிறது!

தன்னை வெளிக்காட்டுவதும் கடமை

பார்ப்பது பாதி வேலை. மற்றவர் நம்மைப் பார்க்கும்படி செய்வது மீதிப் பாதி. இதை விளங்க வைத்தது இன்னொரு துயரம்.

1986 ஓகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை. மெக்சிகோவிலிருந்து வந்த ஏரோமெக்சிகோ 498 ஆம் இலக்க டிசி-9 விமானம் லொஸ் ஏஞ்சல்ஸில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. பைப்பர் வகைச் சிறு விமானம் ஒன்று அருகிலிருந்த டொரன்ஸ் நகரிலிருந்து மூவருடன் புறப்பட்டு, அனுமதி பெற வேண்டிய கட்டுப்பாட்டு வான்பரப்பினுள் அனுமதியின்றி நுழைந்துவிட்டது. வேண்டுமென்று நுழையவில்லை, எல்லை அறியாமல் நுழைந்தது என்றே விசாரணை கருதியது. செரிட்டோஸ் என்ற ஊரின் மேலே இரண்டும் மோதின. டிசி-9 இல் இருந்த 64 பேரும், பைப்பரில் இருந்த 3 பேரும், வீடுகளில் இருந்த 15 பேரும் என 82 பேர் உயிரிழந்தனர்.

இங்கே ஒரு கருவியைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும். அதன் பெயர் ட்ரான்ஸ்பொண்டர். தரையிலிருந்து ராடர் "நீ யார்?" என்று வானொலி அலையால் கேட்கும்போது, விமானத்திலிருந்து தானாகவே பதில் அனுப்பும் சிறு பெட்டி அது. அந்தப் பைப்பரில் ட்ரான்ஸ்பொண்டர் இருந்தது. ஆனால் அது உயரத்தைச் சொல்லும் வகையைச் சேர்ந்ததல்ல. உயரம் தெரியாத ஒரு புள்ளி, பெரிய விமானத்திற்குக் கீழே எங்கோ போகிறதா, அதே மட்டத்தில் வருகிறதா என்பதைத் திரை காட்டாது. போதாக்குறைக்கு, அனுமதியின்றி நுழைந்த வேறொரு சிறு விமானத்தோடு அவ்வேளை கட்டுப்பாட்டாளர் பேசிக்கொண்டிருந்தார்.

இதன்பின் இரண்டு பெரிய மாற்றங்கள் வந்தன. அமெரிக்காவின் மிகப் பரபரப்பான விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைல் தூரத்துக்குள் பறக்கும் விமானங்களில், மிகச் சில விலக்குகள் தவிர, உயரத்தைச் சொல்லும் ட்ரான்ஸ்பொண்டர் கட்டாயமாக்கப்பட்டது. 30 இருக்கைகளுக்கு மேற்பட்ட பயணிகள் விமானங்களில் டீகாஸ் எனப்படும் மோதல் தவிர்ப்புக் கருவி 1993 ஆம் ஆண்டின் இறுதிக்குள் பொருத்தப்பட வேண்டும் என்றானது. டீகாஸ், சுற்றியுள்ள விமானங்களின் ட்ரான்ஸ்பொண்டர்களோடு தானே பேசி, ஆபத்து நெருங்கினால் "மேலே ஏறு", "கீழே இறங்கு" என்று விமானிக்குக் கட்டளையிடும். இரு விமானங்களிலும் டீகாஸ் இருந்தால், ஒன்றை ஏறவும் மற்றதை இறங்கவும் சொல்லும்படி அவை தமக்குள் பேசி ஒழுங்கு செய்துகொள்ளும்.

2020 ஜனவரி 1 முதல், இத்தகைய வான்பரப்பில் பறக்கும் விமானங்கள் ஏடிஎஸ்-பி என்ற கருவியையும் கொண்டிருக்க வேண்டும். செய்மதி மூலம் தன் இடத்தை அறிந்து, அதை ஒவ்வொரு செக்கனும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று சுற்றிலும் அறிவித்துக்கொண்டே போகும் கருவி அது. அதை ஏற்கும் பெறுவான் இருந்தால், சிறு விமானத்தின் விமானியும் அருகிலுள்ள விமானங்களைத் திரையில் காணலாம்.

ஆனால் இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. திரையில் தெரியாத விமானம் வானில் இல்லை என்று ஆகாது. சிலவற்றில் கருவி இல்லாமலிருக்கலாம், சிலவற்றில் பழுதடைந்திருக்கலாம். திரையைப் பார்த்தபடியே பறப்பவர், தொலைபேசியைப் பார்த்தபடி வீதியைக் கடப்பவருக்கு ஒப்பானவர். கருவி எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லும். பார்க்க வேண்டியது கண்தான்.

கவிழ்த்த கேக்கும் ஒரு வியப்பான பாதையும்

பரபரப்பான விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்பரப்பு எந்த வடிவில் இருக்கும்? கல்யாண வீட்டில் வைக்கும் அடுக்குக் கேக்கைத் தலைகீழாகக் கவிழ்த்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில், விமான நிலையத்தின் மேலே, அது தரைவரை இறங்கும். வெளியே போகப் போக அதன் அடிமட்டம் படிப்படியாக உயர்ந்துகொண்டே போகும். பெரிய விமானங்கள் அந்தக் கேக்குக்குள் ஏறி இறங்குகின்றன. அதற்குள் நுழைய விரும்பும் சிறு விமானி, கட்டுப்பாட்டாளரிடம் வெளிப்படையான அனுமதி பெற வேண்டும். இல்லாவிட்டால் அடுக்குகளின் கீழேயோ, மேலேயோ, சுற்றியோ போக வேண்டும். விளிம்பை ஒட்டிப் பறப்பதும் நல்லதல்ல. சிறிய கவனப்பிசகு உள்ளே கொண்டு சேர்த்துவிடும்.

லொஸ் ஏஞ்சல்ஸில் சிறு விமானங்களுக்கென்று ஒரு தனிப்பாதை வகுக்கப்பட்டுள்ளது. அது எங்கே செல்கிறது தெரியுமா? அந்தப் பென்னம்பெரிய விமான நிலையத்தின் நேர்மேலாக! கேட்டவுடன் அச்சமாக இருக்கும். சிந்தித்தால் விளங்கும். பெரிய விமானங்கள் கிழக்கிலிருந்து தாழ்ந்து வந்து இறங்குகின்றன. மேற்கே கடலை நோக்கி எழும்புகின்றன. ஓடுபாதையின் மேலே வரும்போது அவை தரையில் அல்லது தரைக்கு மிக அருகில் இருக்கின்றன. எனவே சில ஆயிரம் அடி உயரத்தில், ஓடுபாதையின் நேர்மேலே உள்ள இடமே அவை இல்லாத இடம். தென்கிழக்கே செல்பவர் 3,500 அடியிலும், வடமேற்கே செல்பவர் 4,500 அடியிலும், விளக்குகளை எரியவிட்டு, 140 நொட்டுக்கு மேற்படாத வேகத்தில், பொது அலைவரிசையில் தம் இருப்பிடத்தை அறிவித்தபடி குறுக்கே கடக்கிறார்கள். எதிரெதிர்த் திசையினருக்கு இடையில் 1,000 அடி இடைவெளி முன்கூட்டியே வைக்கப்பட்டுவிட்டது. நல்ல ஒழுங்கு என்பது ஒருவரையொருவர் காணாவிட்டாலும் காப்பாற்றும் ஒழுங்கு என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஓர் இலக்கம் பிசகினால்

பார்ப்பது, காட்டுவது, ஒழுங்கான பாதையில் செல்வது ஆகியவற்றோடு நான்காவதாகப் பேசுவதும் சேர்கிறது. 2009 ஓகஸ்ட் 8 அன்று நியூயோர்க் நகரின் ஹட்சன் ஆற்றின் மேலே சிறிய பைப்பர் விமானம் ஒன்றும் சுற்றுலா ஹெலிகொப்டர் ஒன்றும் சுமார் 1,100 அடி உயரத்தில் மோதி 9 பேர் இறந்தனர். விமானத்தை வேறொரு நிலையத்தின் அலைவரிசைக்கு மாறும்படி கட்டுப்பாட்டாளர் சொன்னார். விமானி அந்த இலக்கத்தைப் பிழையாகத் திரும்பச் சொன்னார். அந்தப் பிழை திருத்தப்படவில்லை. கட்டுப்பாட்டாளர் அந்த வேளையில் கடமைக்குச் சம்பந்தமில்லாத தொலைபேசி உரையாடலில் இருந்ததையும் விசாரணை குறிப்பிட்டது. கடைசி நிமிடத்தில் எச்சரிக்க முயன்றபோது விமானி அந்த அலைவரிசையில் இருக்கவில்லை.

வானொலியில் கேட்ட கட்டளையை விமானி திரும்பச் சொல்வதும், அதைக் கட்டுப்பாட்டாளர் சரிபார்ப்பதும் வெறும் சடங்கல்ல என்பதை இச்சம்பவம் காட்டியது. அதன்பின் ஹட்சன் ஆற்றுப் பாதையிலும் விதிகள் இறுக்கப்பட்டன. குறிப்பிட்ட இடங்களைக் கடக்கும்போது தன் விமானம், இடம், திசை, உயரம் ஆகியவற்றைப் பொது அலைவரிசையில் அறிவிப்பது அதுவரை ஒரு நல்ல பழக்கமாக இருந்தது. பின்னர் அது கட்டாய விதியானது.

"தெரியவில்லை" என்ற சொல்

மூன்று சம்பவங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. எந்த ஒரு காவலும் தனியே போதாது. கண்ணுக்கு ஓட்டை உண்டு, கருவிக்கும் உண்டு, வானொலிக்கும் உண்டு. ஒன்றின் ஓட்டையை மற்றொன்று மூடும்படி அடுக்கடுக்காக வைத்தால்தான் பாதுகாப்பு. ஓலைக் கூரையில் ஒரு கிடுகு மழையைத் தடுக்காது. ஒன்றன்மேல் ஒன்றாக வேய்ந்தால் ஒரு சொட்டும் உள்ளே வராது.

அந்த அடுக்குகள் எல்லாவற்றையும் பிணைக்கும் கயிறு ஒன்று இருக்கிறது. அதுதான் உண்மை பேசுதல். இன்று கட்டுப்பாட்டாளர் "உங்களுக்கு முன்னால் ஒரு விமானம்" என்று சொன்னால் விமானி இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கண்டால் கண்டேன் என்பார். காணாவிட்டால் "நெகட்டிவ் கொன்டாக்ட்" என்பார். அதன் பொருள், எனக்கு அது தெரியவில்லை என்பது. கண்டபின் பார்வையிலிருந்து மறைந்தாலும் உடனே சொல்லிவிட வேண்டும். "போயிருக்கும்", "இருக்காது", "அப்படித்தான் நினைக்கிறேன்" ஆகியவை அங்கே பதிலாகா. தெரியவில்லை என்று சொன்ன மறுகணமே, ராடரைப் பார்த்து வழிகாட்டக்கூடிய இன்னொருவர் உதவிக்கு வந்துவிடுகிறார். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் அந்த உதவியின் கதவை நாமே சாத்திவிடுகிறோம். 1978 இல் சான் டியேகோவில் மூடப்பட்டது அந்தக் கதவுதான்.

மாணவிகளே, உங்களில் ஒருத்தி நாளை விமானியாகவோ, கோபுரத்தில் அமர்ந்து விமானங்களை வழிநடத்துபவராகவோ வரக்கூடும். உம்மாவும் வாப்பாவும் "அது ஆபத்தான தொழில் அல்லவா?" என்று கேட்டால், அத்தொழிலில் ஆபத்தை எவ்வாறு அளந்து, பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காவல் வைத்திருக்கிறார்கள் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அந்தத் துறைக்குப் போகாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. மருந்துச் சீட்டில் எழுதிய அளவு விளங்காத தாதி, வரைபடத்தில் ஓர் அளவு பொருந்தாததைக் கண்ட பொறியியலாளர், வகுப்பில் ஒரு கணக்கின் நடுப்படி புரியாமல் போன மாணவி ஆகிய அனைவருக்கும் அதே இரண்டு வழிகள்தான் முன்னால் இருக்கின்றன. புரிந்ததுபோல் தலையாட்டலாம், அல்லது கையை உயர்த்தலாம்.

பெற்றோரும் ஆசிரியர்களும் இங்கே ஒன்றைச் செய்யலாம். "தெரியவில்லை" என்று சொல்லும் பிள்ளையை ஏசாதிருக்கலாம். ஏச்சுக்கு அஞ்சும் பிள்ளை ஊகத்தைப் பதிலாகச் சொல்லப் பழகிவிடும். அந்தப் பழக்கம் வகுப்பறையில் ஒரு புள்ளியை மட்டும் இழக்கச் செய்யும். பரபரப்பான வானத்துச் சந்தியிலோ அதன் விலை என்னவென்று நாம் பார்த்துவிட்டோம்.